மாதா எங்கள் வீட்டில் தங்கிய நாட்கள்

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் வருவதற்குள் என் வீட்டுக்காரர் என்னை அடிக்க ஆரம்பித்துவிட்டார். காரணம் என்று ஒன்றும் இருக்காது. குழம்பில் உப்பு என்பார். யாரைப் பார்த்தாய் என்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்பார். நான் பிறவியிலேயே பேச்சு குறைந்தவள். அதுவும் குற்றமாகிவிட்டது.

என் பெயர் ஆரோக்கியமேரி. அஞ்சாவது வரை படித்தேன். மாதா செய்த நன்மைக்குச் சாட்சி எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் கேட்டார். எனக்கு எழுத வராது சாமி என்றேன். பேசுகிற மாதிரி எழுது என்றார். பேசவும் வராது என்றேன். சிரித்துவிட்டார். வந்தவரைக்கும் எழுதுகிறேன். ஊர் பெயரை எழுதவில்லை. அங்கே என்னைப் போன்ற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊர் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பஸ் வராது. ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். நடக்கிற வழியில்தான் எங்கள் ஊர் ஆண்கள் கல் உடைப்பார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் உடைத்தார். போலீஸ் ஸ்டேஷன் செஞ்சியில். ஆஸ்பத்திரி செஞ்சியில். அவரைத் தாண்டாமல் நான் எங்கேயும் போக முடியாது.

ஒரு தடவை மண்டகப்பட்டுப் பக்கம் என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நைனா என் வீங்கின கையைப் பார்த்தார். “சாப்டியா” என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரே கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். போகும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கீழே தங்கைகள் இருந்தார்கள்.

எண்பத்தாறாம் வருஷம், அக்டோபர். எங்கள் சபையில் அது ஜெபமாலை மாதம். சாயங்காலம் கோயிலிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்து, ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஒரு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மாதா அந்த வீட்டில் ஒரு நாள் தங்குவார். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீடு. யார் வீட்டுக்கு எப்போது என்று கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் சொல்வார். மாதா தங்குகிற வீட்டில் சாராயம் கூடாது. சண்டை கூடாது. மாதா முன்னால் கை ஓங்கினால் கை விளங்காது என்று என் மாமியார் தன் மகனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார். மாமியார் செத்துப்போய்விட்டார். அந்தப் பயம் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது.

அப்போது என் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. பெரியவள் ஜெயராணிக்கு ஆறு வயது.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் குடிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து முட்டி போட்டார். பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படுத்துக்கொண்டார். நானும் பிள்ளையும் மாதா காலடியில் படுத்தோம். எப்போது கண் மூடினேன் என்று தெரியாது. கல்யாணமானதிலிருந்து நான் முழுதாகத் தூங்கினது அன்றைக்குத்தான். காலையில் ஜெயராணி, “அம்மா, மாதா இங்கியே இருக்கட்டும்மா” என்றாள்.

நான் பெரிய ஜெபம் தெரிந்தவள் இல்லை. அன்றைக்கு மாதாவிடம் ஒரே வார்த்தை கேட்டேன். போகாதே.

சாயங்காலம் எல்லாரும் சுரூபம் எடுக்க வந்தார்கள். வேண்டுதல் இருக்கிறது, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றேன். உபதேசியார் சவரிமுத்துவுக்குச் சந்தோஷம். “பாத்துக்குங்க, பக்தின்னா இப்டி இருக்கணும்” என்று மற்றவர்களிடம் சொன்னார். மறுநாளும் அதையே கேட்டேன். எங்களுக்கு அடுத்த முறை பிலோமினா அக்காவுடையது. தெருக்கோடியில் வீடு. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இன்னாடி ஆரோக்கியம், மாதாவுக்கு உன் ஊட்டு விலாசத்துல ரேஷன் கார்டு வாங்கிட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னும் ஒரே நாள்க்கா.”

“உனக்குதான் வேண்டுதலா? எங்களுக்கு இல்லியா? ஊடு மெழுகி வச்சிக்கினு ரெண்டு நாளா வாசல்லயே குந்திக்கினு கீறேன்.”

நான் சுரூபத்தின் பீடத்தைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மறுபக்கம் பிடித்தாள். “மாதாவுக்கே அடிதடியா” என்று உபதேசியார் என் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டார்.

மாதா போய்விட்டார். பாட்டுச் சத்தம் தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “மாதாவ காட்டி என்ன வெளிய படுக்க வச்சியா” என்று கேட்டார். அதற்கு மேல் எழுத மாட்டேன். பிலோமினா அக்கா வீட்டில் ஜெபமாலை சொல்வது எனக்குக் கேட்டது. என் சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை.

விடிந்ததும் மாட்டு வண்டியில் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். வண்டியிலேயே பிள்ளை பிறந்துவிட்டான். ஆண் பிள்ளை. அழவில்லை. அவனை உபதேசியார் துண்டில் சுற்றித் திரும்ப ஊருக்கு எடுத்துப்போனார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்தார்கள். நான் கூட இல்லை. அடையாளத்துக்கு ஒரு கல் வைத்தேன் என்று பிறகு சொன்னார். எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் கல்தான்.

செஞ்சியில் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்கு வந்தவள் பிலோமினா அக்கா. சிஸ்டர் ஒருவர் என்னைச் சுத்தம் பண்ணினார். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

“குடத்தோட விழுந்துட்டேன் சிஸ்டர்.”

சிஸ்டர் என் முதுகைப் பார்த்தார். பிலோமினா அக்காவுக்குச் சும்மா இருக்க முடியாது. “ரொம்ப பக்தியான பொண்ணு சிஸ்டர். மாதா சுரூபத்த குடுக்கவே மாட்டேன்னு புடிச்சிக்கினா. பிச்சி எடுக்கிற மாதிரி ஆயிடுச்சி” என்றாள்.

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தார்.

“ஆரோக்கியம், மாதா உங்க வீட்ல இருந்தப்ப உங்க வீட்டுக்காரர் எங்க படுத்தாரு?”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. ஏன் அடித்தார் என்று கேட்டிருக்கிறார்கள். நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே என்று கையைக் காட்டினேன். அப்புறம் அழுதேன். பிள்ளை பிறந்தபோதுகூட நான் அழவில்லை.

பிலோமினா அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பிறகு ரவிக்கையைத் தோள்பக்கம் விலக்கிக் காட்டினாள். பழைய தழும்பு மேல் புதுத் தழும்பு.

“நானும் அதுக்குதான் சிஸ்டர் கேட்டேன்” என்றாள்.

அதுவரை எனக்குத் தெரியாது. ஒரே தெரு. ஒரே கிணறு. ஒரு நாள் தூக்கத்துக்காக இரண்டு பேரும் மாதாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம். ஊர் அதைப் பக்தி என்றது.

சிஸ்டர் எங்களோடு தரையில் உட்கார்ந்தார். இன்னும் எத்தனை வீடு என்று கேட்டார். அக்கா விரல் விட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

உடம்பு தேறும் வரைக்கும் மாதாவிடம் நான் பேசவில்லை. போகாதே என்றேன். போய்விட்டாய். என் பிள்ளையும் போய்விட்டான். உனக்கும் ஒரு பிள்ளை செத்திருக்கிறதே, உனக்குத் தெரியாதா. இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கேயே இரு என்று சிஸ்டர் சொன்னார். ஜெயராணி என் வீட்டுக்காரரிடம் இருந்தாள். அதனால் திரும்பிப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தில் ஒரு சனிக்கிழமை சிஸ்டர் ஊருக்கு வந்தார். ரோட்டிலிருந்து நடந்து வந்தார். தோளில் தராசு. கூடத் திண்டிவனத்திலிருந்து ஒரு வக்கீல் அம்மா, பொட்டு வைத்தவர், செருப்பு அறுந்து கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கல் உடைக்கிற இடத்தில் ஆண்கள் எங்கே போறீங்க என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு எடை பார்க்க என்றார்களாம். அது பொய் இல்லை. எடையும் பார்த்தார்கள். எடை பார்க்கப் போகிற பொம்பளையை எவனும் தடுக்க மாட்டான் என்று சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தில் தராசைக் கட்டினார்கள். எல்லாப் பெண்களும் பிள்ளையோடு வந்தார்கள். தராசில் வைக்க எனக்குப் பிள்ளை இல்லை. ஓரமாக நின்றேன். “ஜெயராணிய கொண்டா” என்றார் சிஸ்டர். தொங்குகிற துணியில் அவளை உட்காரவைத்தபோது கால் இரண்டும் தரையில் இழுபட்டது. பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாகிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பொண்டாட்டியை அடிப்பது குற்றம், சட்டம் இருக்கிறது என்று வக்கீல் அம்மா சொன்னார். நாங்கள் நம்பவில்லை. செஞ்சியில் வந்து தங்க இடம் இருக்கிறது, போலீசுக்கு நான் கூட வருவேன் என்று சிஸ்டர் சொன்னார். அதையும் நம்பவில்லை. அடுத்த மாதமும் வந்தார்கள். அதற்கடுத்த மாதமும் வந்தார்கள். அப்போது நம்பினோம்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஊர்வழியில் சிஸ்டரை மறித்தார்.

“என் பொண்டாட்டி. நான் அடிப்பேன், அணைப்பேன். நீ யாரு கேக்க?”

“நான் யாரும் இல்லீங்க. அடுத்த மாசமும் வருவேன்” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் நடந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் சுத்தியல் காம்போடு வீட்டுக்கு வந்தார். ஜெயராணி பிலோமினா அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா நேராகக் கோயிலுக்குள் போய்ச் சுரூபத்தைத் தூக்கிவிட்டாள். எதிர்ப்பட்ட பெண்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். உபதேசியார் பின்னாலேயே ஓடிவந்தார்.

“அக்டோபர் முடிஞ்சிபோச்சிம்மா. இன்னா வேல இது?”

“மாதாவுக்கு நீங்க மாசம் குறிக்காதீங்க உபதேசியாரே. வழிய உடுங்க.”

என் வாசலில் மாதாவை இறக்கிவைத்தார்கள். அருள் நிறைந்த மரியே என்று சத்தமாகச் சொன்னார்கள். அவர் கையில் காம்பு இருந்தது. நான் கீழே கிடந்தேன். அவர் மாதாவைப் பார்த்துப் பயந்தாரா, அத்தனை பெண்களைப் பார்த்துப் பயந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. காம்பைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

உபதேசியார் சற்று நேரம் நின்றார். பிறகு அவரும் ஜெபமாலையில் சேர்ந்துகொண்டார். என்னையும் ஜெயராணியையும் நடுவில் விட்டு ரோடு வரைக்கும் கூட நடந்தார்கள். கல் உடைக்கிற இடத்தைத் தாண்டினோம். ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எங்க போற என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

மடத்தில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஜன்னலில் கோட்டை மலை தெரியும். போலீசில் சிஸ்டர் என் பக்கத்திலேயே நின்றார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். கொஞ்ச நாளில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் மனம் மாற வேண்டும் என்றும் ஜெபித்தேன். அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எனக்குத் தெரியவில்லை. பிலோமினா அக்கா வீட்டுக்காரர் போலீசுக்குப் பயந்து அடிப்பதை நிறுத்தினார். அக்காவோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். “இப்பதான் ஊடு ஊடு மாதிரி கீது” என்கிறாள் அக்கா.

இப்போது நானும் சிஸ்டரோடு ஊர் ஊராகப் போகிறேன். எல்லா இடத்துக்கும் நேரத்தில் போய்ச் சேரவில்லை. போன மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்து ஓர் ஊருக்குப் போக முடியவில்லை. அடுத்த மாதம் போனோம். நாங்கள் பார்க்க வேண்டிய பெண் உயிரோடு இல்லை. ஸ்டவ் வெடித்தது என்றார்கள். அவளுடைய கைக்குழந்தையை எடை பார்த்துவிட்டு வந்தோம். சிஸ்டர் பஸ்ஸில் செஞ்சி வரைக்கும் என் கையை விடவில்லை.

போகாதே என்று மாதாவிடம் கேட்டேன். அதன் பிறகு சிஸ்டர் வந்தார், போகவில்லை. அக்கா வந்தாள், போகவில்லை. மாதா எனக்குப் பதில் தந்தார் என்று சாட்சி சொல்கிறேன். என் மகன் விஷயத்தில் பதில் வரவில்லை. அதை மேலே போய் நேரில் கேட்பேன்.

இதைப் படிக்கிற அக்கா தங்கைகளே, மாதாவை நம்புங்கள். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த எழுத்து போதாது. நம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். நான் அப்படி இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள். அவளும் சொல்லாமல் இருப்பாள். உங்களால் செஞ்சிக்கு வர முடியாது என்று எங்களுக்குத் தெரியும். எந்த ஊர் என்று மட்டும் யார் மூலமாவது சொல்லி அனுப்புங்கள். நாங்கள் நடந்து வருகிறோம்.