நசீர் மெசினை நிறுத்திய காலை

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய பட்டறையில் நானும் கிண்ணியா ஊரைச் சேர்ந்த நசீரும் ஒன்றாக வேலை செய்தோம். படகு எஞ்சின்களின் எரிபொருள் பம்புக்கான மெல்லிய ஊசிகளை அங்கிருந்த பழைய சுவிஸ் லேத்தில் கடைவோம். இறக்குமதி நின்றிருந்த காலம். மீன்படு காலம் தொடங்கியும் ஊசி இல்லாமல் பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் படகுகள் கரையில் கிடந்தன.

படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டி பட்டறை வாசலிலேயே நின்றார். நான் மெசினின் வேகத்தைக் கூட்டினேன், ஊசிகள் வளைந்தன. அப்போது நசீர் மெசினையே நிறுத்திவிட்டார்.

"என்ன தம்பி, ஓடினதையும் நிப்பாட்டிப்போட்டீங்க?" என்று சம்மாட்டி சத்தம் போட்டார்.

"ஐயா, வெட்டுளி வெட்டுற நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரம் சும்மா காத்தில வந்து போகுது. அதைத்தான் குறைக்கோணும்," என்றார் நசீர்.

கம்பியைக் கடையும் அந்த வெட்டுளியை முன்னும் பின்னும் நகர்த்தும் வளைந்த தகட்டைக் கழற்றி, அதன் வளைவை மாற்ற அரத்தால் ராவத் தொடங்கினார்.

"பிழைச்சா வேற தகடு இல்லை," என்றேன்.

"ஓம், தெரியும்."

அவர் ராவுவதை நிறுத்தவில்லை.

மத்தியானம் மெசின் மறுபடி ஓடியது. வெட்டுளி பாய்ந்து வந்து, கம்பியைத் தொட்டதும் நிதானமாக வெட்டி, உடனே விலகியது. ஊசிகள் மளமளவென்று விழுந்தன. ஒன்றும் வளையவில்லை.

"சத்தம் போட்டதை மனசில வைக்காதீங்க தம்பி," என்றார் சம்மாட்டி.

அந்தக் கிழமைக்குள்ளேயே படகுகள் கடலுக்குப் போயின. எல்லோரும் நசீரின் கைத்திறனைப் புகழ்ந்தார்கள். நான் வியந்தது வேறொன்றை. அத்தனை பேர் அவசரப்படுத்தியபோது, ஓடும் மெசினை நிறுத்திவிட்டு யோசிக்க அவருக்குத் துணிவு இருந்தது. எனக்கு அது இன்னும் முழுதாகக் கைவரவில்லை.