தம்பிக்கு மட்டும் வந்த பிழை

என் தம்பி சின்ன வயதிலேயே மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவான். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நடையே நின்றுபோனது. தசைச் சிதைவு நோய் என்றார்கள். இது தாய் வழியாகப் பையன்களுக்கு வரும் என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னார். பக்கத்தில் அத்தை நின்றிருந்தாள், அப்பாவின் அக்கா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது அம்மா கொடுத்த நோய் என்று ஆனது.

அப்பா இறந்த பிறகும் அத்தை நல்லூரிலிருந்து வருவதை நிறுத்தவில்லை. தம்பியின் காலைத் தடவிக்கொண்டே, "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது" என்பாள். அம்மா பதில் சொன்னதில்லை. எழுந்துபோய்க் காபி போடுவாள்.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது இந்தப் பேச்சு என் மேலும் வந்தது. ஒரு குடும்பம் நேராகவே கேட்டது. "பொண்ணுக்குப் பொறக்கற பிள்ளைக்கும் வருமாங்க?"

"தெரியலைங்க" என்றாள் அம்மா. அது உண்மைதான். எங்களுக்குத் தெரியாது.

பரிசோதனை செய்யலாம் என்று சொன்னது தம்பி. அவனுக்கு விரல்கள் மட்டும் இன்னும் வேலை செய்கின்றன. பகல் முழுக்க செல்போனில் படித்துக்கொண்டிருப்பான். நான் செராமிக் யூனிட் ஆபீஸில் பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் அன்று படித்ததைச் சொல்வான்.

"இப்பல்லாம் ரத்தத்த எடுத்து ஜீன எழுத்து எழுத்தா படிச்சிடறாங்க அக்கா. எனக்கு எந்த எடம் கெட்டிருக்குதுன்னு தெரிஞ்சிடும். அம்மாவுக்கும் உனக்கும் அது இருக்குதான்னு பாத்துடலாம்."

அவனுக்கு வேறொரு எண்ணமும் இருந்தது. அதை அப்போது சொல்லவில்லை.

மூவரும் ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்ததும் வேன் பிடித்துத் திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். நிதானமாகப் பேசினாள்.

"தம்பியோட ஜீன்ல நடுவுல ஒரு துண்டு இல்லை. அதனால செல்லால அதைச் சரியாப் படிக்க முடியலை. தசைக்கு வேண்டிய புரதம் உண்டாகலை. அந்தத் துண்டு உங்க ரெண்டு பேருக்கும் முழுசா இருக்குங்க."

எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். அம்மாவைப் பார்த்து மறுபடி சொன்னாள். "பரம்பரையா வந்த மாதிரி தெரியலைம்மா. உங்க பையனுக்குப் புதுசா உண்டான மாற்றம். சில பேருக்கு அப்படித்தான் வரும். பொண்ணு தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்."

அம்மா "சரிங்க" என்றாள். பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

அப்போதுதான் தம்பி கேட்டான். "கெட்டுப்போன எடத்தத் தாண்டிப் படிக்க வைக்கிற ஊசி வந்திருக்குதாமே, எனக்கு ஆகுமாங்க?"

டாக்டரம்மா சற்று யோசித்தாள். "அது வேற எடத்துல துண்டு போனவங்களுக்கு. உங்களோடதுக்கு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. நல்ல ஜீனையே உடம்புக்குள்ள அனுப்பற சிகிச்சையும் வந்திருக்குது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் குடுக்கறாங்க. போன தசையை அதால திருப்பிக் கொண்டுவர முடியாதுங்க."

"புரியுதுங்க" என்றான். பிறகு, தன் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னான். அதற்கான தாளில் அவனே கையெழுத்துப் போட்டான். வெகுநேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது வேப்பூரில் வண்டியை நிறுத்தினோம். அம்மா டீயை ஆற்றி அவன் வாயருகே பிடித்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவன் சொன்னான்.

"அப்ப இது எனக்கு மட்டும்தான் வந்திருக்குது."

அம்மா அவன் உதட்டைத் துடைத்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துக்கமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மிச்ச டீயையும் அவன் குடித்து முடித்ததும் கிளம்பினோம்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து அத்தை வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மிஷினு சொல்றதெல்லாம் நம்பிட முடியுமா?" என்றாள்.

"நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம் அண்ணி" என்றாள் அம்மா. அத்தைக்கு அம்மா பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் உயரவில்லை. "காபி போடட்டுமா?"

அத்தை குடித்துவிட்டுத்தான் போனாள். தம்பியின் காலை அன்று தொடவில்லை.

எனக்கு எங்கள் ஊரிலேயே வரன் அமைந்தது. அவர்கள் அந்த ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் காட்டினேன். மாப்பிள்ளை வாங்கி, படிக்காமலே மடித்துத் தந்தார்.

சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பை, ஓலையை, வாசிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சுமந்தது இறங்கிவிட்டதே, ஒரு சொட்டுக் கண்ணீராவது வராதா என்று எனக்கு இருந்தது.

"உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா?"

"என்னா தோணணும்? அவன் அப்படியேதான இருக்கறான்."

உள்ளேயிருந்து தம்பி தண்ணீர் கேட்டான். நான் எழுந்து போனேன்.