போணி ஆகட்டும், நில்லு

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷமாக யோசித்தேன். மூன்று தடவை எழுத உட்கார்ந்து, மூன்று தடவையும் வேறு எதையோ எழுதி அனுப்பிவிட்டேன். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் பக்தி, குடும்பம், பொறுமை என்று எழுதுகிறவனுக்குத் தன் கடை வாசலைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நடந்ததைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால்... நான் கும்பிடுகிற நரசிம்மர் என்னை மன்னிக்க மாட்டார்.

ஒரு லாட்ஜ் ஹாலில் தொழில் முனைவோர் கருத்தரங்கு. வெளியே சாரல். பாதிப் பேர் அருவியில் குளித்த ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் முப்பிடாதி. சின்ன வெங்காயம் உரித்து, பாக்கெட் போட்டு, செங்கோட்டை தாண்டிக் கேரளத்து ஓட்டல்களுக்கு அனுப்புகிறவள். நாற்பது பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். வாசல் பேனரில் அவள் போட்டோதான் பெரியது.

குத்துவிளக்கு ஏற்றும் நேரம். மெழுகுவர்த்தியை வாங்க அவள் கையை நீட்டினாள். மேடையில் நின்ற ஒருவர் அவள் காதில் ஏதோ சொன்னார். மெழுகுவர்த்தி அவளைத் தாண்டி ஸ்பான்சர் வீட்டு அம்மாவிடம் போனது. முப்பிடாதி நீட்டிய கையை மடக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் செய்தாள்.

ஏன்? அவள் புருஷன் இறந்துபோனவன். அவ்வளவுதான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த நொடியே தலை தொங்கிப்போனது. அந்தக் கையை முதலில் மடக்க வைத்தவன் நான்.

எட்டு வருஷத்துக்கு முன் அவள் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக நின்றாள். வீட்டிலேயே வெங்காயம் உரித்தாள். புனலூரில் ஒரு கல்யாணச் சமையல்காரர், முதல் சரக்கு நன்றாக இருந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். அதை நம்பித்தான் அன்று காலை மார்க்கெட்டுக்கு முதல் ஆளாக என் கடைக்கு வந்தாள். நல்ல காய்ந்த வெங்காயம் வந்து இறங்கியிருந்தது.

"போணி ஆகட்டும், நில்லு" என்றேன். நாளின் முதல் வியாபாரம் தாலி இல்லாதவள் கையாலா? எங்கள் வரிசையில் எந்தக் கடையிலும் அது கிடையாது.

"பஸ்ஸு போயிரும் அண்ணாச்சி. இத விட்டா அந்த ஆர்டரு போயிரும்" என்றாள்.

வேறு யாராவது வருகிறார்களா என்று நான் தெருவைப் பார்த்தேன். அன்று பார்த்து யாரும் சீக்கிரம் வரவில்லை. கடைசியில் வந்தவர் நல்ல மூட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார். மிச்சமிருந்த முளைவிட்ட சரக்கைத்தான் அவள் தூக்கிக்கொண்டு போனாள். பாதி உள்ளே அழுகல். இனி வரவேண்டாம் என்று சமையல்காரர் சொல்லி அனுப்பியதை டெம்போ டிரைவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு என்ன செய்தேன்? சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினேன்!

அதன் பிறகு அவள் மார்க்கெட்டுக்குள் வரவில்லை. விவசாயிகள் மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில் நின்று, அவர்களிடமே வாங்கினாள். எடை சரியாக இருந்தால் போதும், வாங்குகிறவள் கழுத்தை அவர்கள் பார்ப்பதில்லை. அப்படித்தான் வளர்ந்தாள்.

குற்றாலத்து மேடையில் சென்னைக்காரர் ஒருவர், ஏழை நாடுகளில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு என்னென்ன தடை என்று திரையில் காட்டினார். முதலீடு, ரோடு, கரண்ட் என்று நீண்ட பட்டியல். கடைசி வரி வரை பார்த்தேன். எங்கள் கடை வாசல் அதில் இல்லை. பிறகு, விவசாயியிடமே வாங்கியது முப்பிடாதியின் பிரமாதமான திட்டம் என்று புகழ்ந்தார்.

அவள் மைக்கை வாங்கினாள். "திட்டமெல்லாம் ஒண்ணும் போடல சார். இந்த அண்ணாச்சிமாரு போணிக்கு முந்தி எனக்குச் சரக்கு தரமாட்டாவ. அதான் ரோட்டுக்கு வந்தேன்."

ஹால் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல். பக்கத்துக் கடைக்காரர் என் தொடையில் தட்டி, "நம்மளத்தாம்லே சொல்லுதா" என்று சிரித்தார். தடைதான் இவரை வளர்த்தது என்று முடித்தார் சென்னைக்காரர்.

தடை வளர்க்குமா? நாங்கள் கெடுத்தோம், அதையும் தாண்டி அவள் வளர்ந்தாள். தாண்ட முடியாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களை எந்த மேடையில் ஏற்றுவீர்கள்? கீழப்பாவூர் நரசிம்மர் சன்னதியில் அவளும் நானும் ஒரே தீபத்தைத்தான் தொட்டுக் கும்பிடுகிறோம். அங்கே யாரும் அவளை நிற்கச் சொன்னதில்லை. இந்தப் பாவத்துக்குச் சாமி பேரை இழுக்க நமக்கு என்ன தைரியம்?

வெளியே அவளை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு என் கடையில் உன் கையால்தான் போணி என்றேன்.

"எனக்கு இப்ப உங்க கடையில சோலி இல்ல அண்ணாச்சி. என்னய மாதிரியே புருஷன் இல்லாத பிள்ள ஒண்ணு, தக்காளி ஊறுகா போடுதவ, மஞ்சப் பையோட உங்க வாசல்ல நிக்காளே... நீங்க பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். தினமும்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "போணி ஆயிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே, படி ஏறாமல் நின்றாள். "நீதாம்மா போணி" என்றேன். லோடுமேன் தூக்கிய மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டான். அவள் தக்காளியை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினாள். நல்லதாகவே பொறுக்கினாள்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கி முடித்துவிடாதீர்கள். முப்பிடாதியை நிற்க வைத்த அன்று, கோவிலுக்குப் போய்வந்த சந்தனம் என் நெற்றியில் காயாமல் இருந்தது — அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.