டிவி விளையாட்டுக்கு நான் போட்ட இசை

எண்பதுகளின் பிற்பாதியில் இரண்டு டிவி விளையாட்டுகளுக்கு இசை போட்டேன். இரண்டிலும் என் கணவரின் பெயர்தான் இருக்கிறது. அவருக்கு ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இதில் யாருடைய சூழ்ச்சியும் கிடையாது. முதல் தவறு என்னுடையது.

அப்போது செகந்திராபாத்துக்கு அருகே பாலாநகர்ப் பக்கம் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். விமானத்துக்குள் போகும் பெட்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. வீடு அல்வாலில். கணவர் ராணுவ அலுவலகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். எங்கள் தெருவிலேயே செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். அரசு வேலையை விட்டுவிட்டு, டிவியில் மாட்டி விளையாடும் பெட்டிகளைச் செய்ய ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். படம் ஓடுகிறது, சத்தம்தான் சகிக்கவில்லை என்று அவர் ஒருநாள் என் கணவரிடம் புலம்ப, இவர் "எங்க வீட்ல வீணை இருக்கு, அவ நல்லா வாசிப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்தப் பெட்டியின் சிப்பைப் பற்றிய பத்துப் பக்கக் குறிப்பு என் கைக்கு வந்தது.

விளையாட்டு பட்டம் விடுவதைப் பற்றியது. எங்கள் ஊரில் சங்கராந்தி என்றால் ஆகாயமே தெரியாது, அவ்வளவு பட்டம். அந்தச் சிப்பில் ஒரே நேரத்தில் மூன்று ஸ்வரங்கள் ஒலிக்கும், கூட ஒரு இரைச்சல். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எண். எண் குறையக் குறையச் சுருதி ஏறும். மொத்த இசையும் மிகச் சிறிய இடத்துக்குள் அடங்க வேண்டும். வீணையில் வாசித்துப் பார்த்து, கால்குலேட்டரில் எண்ணாக மாற்றி எழுதினேன். கமகம்தான் படுத்தியது. சிப்புக்கு ஸ்வரத்தை வளைக்கத் தெரியாது. அருகருகே உள்ள இரண்டு எண்களை மாற்றி மாற்றி வேகமாகக் கொடுத்தால் காது ஏமாந்துவிடும் என்று ஒரு மதிய இடைவேளையில் தோன்றியது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துவிட்டேன். பட்டம் அறுந்து விழும்போது மூன்று ஸ்வரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்படி வைத்தேன்.

எங்கள் நிறுவன விதிப்படி வெளியே கூலி வாங்கக் கூடாது. அதனால் கேட்கவில்லை. திரையில் என் பெயர் வர வேண்டும் என்று மட்டும் கணவரிடம் சொல்லியனுப்பினேன். அத்தனை வருடங்களில் நான் சோதித்து அனுப்பிய எந்தப் பெட்டியிலும் என் பெயர் கிடையாது. அது முறைதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆசை இருந்தது. நிறையவே இருந்தது.

"பேரு போடறதா சொல்லிட்டார்" என்றார் கணவர்.

இசையை எழுதிய நான்கு தாள்களிலும் அடியில் இரண்டு கட்டங்கள் போட்டேன். தயாரித்தவர், ஒப்புதல் அளித்தவர். தொழிற்சாலையில் அந்தக் கட்டங்கள் இல்லாமல் ஒரு காகிதம்கூட நகராது. கை தானாகவே போட்டுவிட்டது. முதல் கட்டத்தில் என் சுருக்கக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"எனக்கு என்ன தெரியும்னு நான் ஒப்புதல் குடுக்கறது?"

"ஒரே ஆள் ரெண்டு கட்டத்துலயும் போடக் கூடாதுங்க. போடுங்க."

ஒப்புதல் என்றால் முழுப் பெயர் வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்ததும் நான்தான்.

பண்டிகைக்கு முன்பு பெட்டி வந்தது. டிவியில் மாட்டினோம். நான் நினைத்த கமகம் நான் நினைத்தபடியே வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு 'இசை' என்று போட்டு, கீழே கணவரின் பெயரைக் காட்டினார்கள். அவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

பட்டறைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அரே சார், பேரு போடணும்னுதானே சொன்னீங்க, அந்தத் தாள்ல உங்க பேரு மட்டும்தானே இருந்துச்சு? எங்க பழைய ஆபீஸ்ல ஒப்புதல் போட்டவர் பேருதான் வெளிய போகும். தயாரிச்சவங்கன்னா நகல் எழுதிக் குடுத்தவங்கன்னு நெனச்சுட்டேன். சிப்புல ஏத்தியாச்சு, இனிமே கை வைக்க முடியாது. அடுத்ததுல மேடம் பேரு கண்டிப்பா போட்டுடறேன்."

நம்பினேன். அடுத்தது ரயில் விளையாட்டு. இந்தத் தடவை கட்டங்கள் கிடையாது, என் பெயர் மட்டும், தாளின் தலையில், பெரிய எழுத்தில். திரையில் மறுபடியும் கணவரின் பெயர் வந்தது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்களாம். மாற்றினால் வேறு யாரோ போட்டது என்று நினைத்துவிடுவார்களாம். பட்டறைக்காரர் சொன்னதைக் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒப்பித்தார்.

இதற்குள் அவர் அலுவலகத்தில் அவருக்குப் பேர் வந்துவிட்டது. ஆரம்பத்தில் "நான் இல்ல, என் ஒய்ஃப்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னடக்கம் என்று சிரித்தார்களாம். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். தினமும் ஒவ்வொருவரிடமும் மறுத்துக்கொண்டிருப்பது அலுப்புதான், எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது விளையாட்டுக்காகப் பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்தார். கூடவே மெட்ராஸிலிருந்து ஒரு வியாபாரி. நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். வியாபாரி டம்ளரை எடுத்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

"எப்படி சார் இதெல்லாம் உங்களுக்குத் தோணுது?"

பட்டறைக்காரர் தரையைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். இவர் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அதுவா வரும்" என்றார்.

அவர்கள் போன பிறகு, "அதுவா வர்றதை நீங்களே எழுதிக் குடுங்க" என்றேன். அவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு விளையாட்டுகளுக்கும் இசை என்னுடையது, பெயரைத் திருத்தினால் மூன்றாவதைச் செய்யத் தயார் என்று இரண்டே வரிகள். தெருக்கோடியில் இருப்பவருக்கு ரிஜிஸ்தர் தபால் எதற்கு என்று கணவர் கேட்டார். நான்கு நாட்களில் ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. வேறெதுவும் வரவில்லை.

சில மாதங்கள் கழித்து செகந்திராபாத்தில் மிக்ஸி பழுது பார்க்கப் போயிருந்தேன். கடையில் அந்த மூன்றாவது விளையாட்டை டிவியில் ஓடவிட்டிருந்தார்கள். படத்தில் பட்டமும் இல்லை, ரயிலும் இல்லை, ஏதோ கார்ப் பந்தயம். இசை மட்டும் என் பட்டத்துடையது, வேகத்தைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். கமகம் முழுக்கக் கெட்டுப்போயிருந்தது. கணவரின் பெயர் வந்து போனது.

நான் நின்று பார்ப்பதைக் கவனித்த கடைக்காரர் பெருமையாக இந்தியில் சொன்னார், மியூசிக் போட்டவர் நம் அல்வால்காரர்தான் மேடம், உங்களுக்குத் தெரியுமா என்று.

தெரியும் என்றேன்.