அண்ணனுக்கு ஒரு கல்

கிளாரா மாமி குளச்சல் ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவள். கல்யாணம் கட்டவில்லை. பொல்லாத வாய். பக்கத்து வீட்டில் வளர்ந்த நான், அவளிடம் விலை பேசி ஜெயித்தவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில், அந்த வாய் அடைத்துப்போகும்.

காரணம் அவள் அண்ணன் மரியான். மிஷன் பள்ளியில் படித்தவன், யுத்தக் காலத்தில் விமானப்படையில் சேர்ந்தான். குண்டு போடுகிற விமானத்தில் பின்னால் உட்கார்ந்து சுடுகிற வேலை. 1944இல் பர்மாப் பக்கம் போன விமானம் திரும்பவில்லை. காணவில்லை என்று தந்தி வந்தது. உடல் இல்லை, அதனால் கல்லறையும் இல்லை. திருநாளன்று ஊரே அவரவர் வீட்டுக் கல்லறையில் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தும்; சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். மாமி மட்டும் கடலில் தொலைந்தவர்களுக்கான பெரிய சிலுவையின் கீழே போய் நிற்பாள். அங்கேயும் ஒருத்தி கேட்டுவிட்டாள்: "ஒனக்க அண்ணன் கடல்லயா போனான்? இது எங்களுக்க எடமாக்கும்."

அறுபது வருஷம் கேட்டுக் கேட்டு, 2004இல் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் ஓர் இடம் கிடைத்தது. கல் கொத்துகிற நாராயணபெருமாள் மரியான் பெயரைக் கருங்கல்லில் வெட்டினார். டிசம்பரில் தெருக்காரர்கள் நாங்கள் அடித்தளத்துக்குக் குழி தோண்டினோம். கிறிஸ்துமஸ் கழிந்து கல்லை நிறுத்துவதாக ஏற்பாடு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது.

பிணம் புதைக்க இடம் போதவில்லை. மாமியே வந்து நின்றாள். "அண்ணனுக்க குழியில பிள்ளைகள வையுங்கலே." வைத்தோம். கல் நாராயணபெருமாள் பட்டறையில் சாய்ந்து கிடந்தது.

2012இல் லண்டனில் குண்டுவிமானக்காரர்களுக்குப் பெரிய நினைவிடம் திறந்ததை என் வீட்டு டிவியில் மாமி பார்த்தாள். ஏழு வெண்கல ஆட்கள்.

"இதுல பின்னால இருந்து சுடுறவன் யாருலே?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமி?"

"அவுங்களே இப்பதான் வச்சிருக்காவ. நமக்கு மட்டும் என்ன கேடு?"

மறுநாளே, கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குகிற பங்குப்பேரவையின் செயலர் ஏசுஅடிமையைப் பிடித்து, கல்லுக்கு வேறு இடம் கேட்டாள். சுனாமியில் அவன் மகள் போனாள், உடல் கிடைக்கவில்லை.

"மாமி, எனக்க மவளுக்கே கல்லு கெடையாது. சுனாமி நினைவுச் செவுத்துல பேரு மட்டுந்தான். கடலு எடுத்ததுக்கே கல்லு இல்ல, ஆகாசம் எடுத்ததுக்கு நான் எப்படிக் குடுக்க?"

மாமி பேரம் பேசாமல் திரும்பி நடந்தாள். அதுதான் அவனை அசைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அவனாகவே பட்டறைக்கு வந்து கல்லைப் பார்த்தான்; மாமியும் நானும் அங்கே இருந்தோம். 'இங்கே இளைப்பாறுகிறார்' என்று இருந்தது.

"இங்க யாரு வோய் கெடக்கா?"

நாராயணபெருமாள் தலையைச் சொறிந்தார். "ஒங்க கல்லறை எல்லாத்துலயும் அப்படித்தான வெட்டுகேன். கை அதுபாட்டுக்கு வெட்டிப்போட்டு."

"அந்த 'இங்கே'யக் கொத்தி எடும். மதிலு ஓரமா வச்சுக்கிடலாம். ஞாபகக் கல்லுன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாவ."

நாராயணபெருமாள் உளியை எடுத்துவிட்டார். மாமி கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"இத எடுத்துட்டா, பெறவு அவன் எங்கே?"

ஏசுஅடிமை செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் சொல்லிப் பார்த்தேன், ஒரு சொல்லுக்காக இடத்தை விடாதே என்று. "ஒனக்க வேலையப் பாருலே" என்றாள். கையை எடுக்கவில்லை. உளி பைக்குள் போனது; கல் பட்டறையிலேயே கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மாமி செத்தாள். பொதுக்குழிதான் கிடைத்தது. அவளுக்குக் கல் வாங்க ஆள் இல்லை. நாராயணபெருமாள் அந்தக் கல்லையே திருப்பிப் போட்டு, பின்பக்கம் அவள் பெயரை வெட்டித் தந்தார். குழிமேல் படுக்கவைத்தோம். மரியான் பெயர் மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. சில வருஷம் கழிந்து வேறொருவரைப் புதைக்கப் பொதுக்குழியை மறுபடி தோண்டுவார்கள். அப்போது கல்லை எந்த மூலையில் எறிவார்களோ, எனக்குத் தெரியாது.

போன திருநாளில் சாமியார் தெளித்த தண்ணீர் மாமி பெயர்மேல்தான் விழுந்தது. கல் ஒன்று என்பதால் நான் ஒரு திரிதான் வாங்கிப் போயிருந்தேன்.