மடை மாற்றும் நேரத்தில் எழுதியவர்

அவருடைய முதல் நாவலின் வெளியீட்டு விழா பெங்களூர் காக்ஸ் டவுனில் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பலமாகத்தான் தட்டினேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவர் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சந்தாபுரா பக்கம் கீரையும் பீன்ஸும் போடுகிறவர். அடக்கமெல்லாம் கிடையாது. தான் எழுதியதை வாசிக்கும்போது நாங்கள் சிரித்த இடத்தை, "இருங்க, இன்னொரு வாட்டி" என்று திரும்ப வாசிப்பார். நானோ கல்லூரிக் காலத்திலிருந்து ஒரே நாவலைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹெப்பகோடியில் தனி அறை, லேப்டாப், சனி ஞாயிறு விடுமுறை என்று எல்லா வசதியும் இருந்தது.

எப்படித்தான் எழுதுகிறார் என்று பார்க்க ஒருநாள் அவர் தோட்டத்துக்கே போனேன். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டார். ஒரு பாத்தி நிறையும்வரை வரப்பில் உட்கார்ந்து போனில் தட்டினார். நிறைந்ததும் மடையை மாற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கோடையில் போர்வெல் தண்ணீர் மெலிந்துவிடும், பாத்தி நிறைய நேரமாகும். அதனால் கோடையில் எழுதிய அத்தியாயங்கள் மட்டும் நீளமாம். இதைப் பெருமையாகச் சொன்னார். இப்படி ஒரு அளவுகோல் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

அன்று எழுத்து மும்முரத்தில் மடையை மறந்துவிட்டார். தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் போனது. அந்தத் தோட்டத்து அம்மா இடுப்பில் கைவைத்து வந்து நின்றார். பெங்களூர் வழக்கப்படி யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் குரு, நீ கதை எழுத என் கொத்தமல்லி முழுகணுமா? உன் கதையில ஒருத்தரும் குளிக்க மாட்டாங்களா, எல்லாத் தண்ணியும் இங்கயே வருது?"

நான் பதறிப்போய் மோட்டாரை நிறுத்த ஓடினேன். திரும்பி வந்தால் மனிதர் மன்னிப்புக்கூடக் கேட்காமல், "சொல்லுக்கா, அப்புறம்?" என்று அந்தத் திட்டைப் போனில் தட்டிக்கொண்டிருந்தார்.

விழாவில் அவர் வாசித்தது அந்தத் திட்டு வரும் அத்தியாயத்தைத்தான். அரங்கமே சிரித்தது. அந்த அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தத் திட்டு என் காதிலும்தான் விழுந்தது. எனக்கு மோட்டார்தான் தெரிந்தது.

கையெழுத்து வாங்கப் போனேன்.

"தம்பி, உங்க நாவல் என்னாச்சு?"

"திருத்திட்டு இருக்கேண்ணா."

"நிதானமா திருத்துங்க. அதுக்குள்ள எனக்கு ரெண்டாவது வந்துடும்."

பக்கத்திலிருந்த பதிப்பாளரும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே போனிலிருந்து என் நாவலை அந்தப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் இன்னமும் சரியில்லை, எனக்கே தெரியும். ஆனால் அவருடைய இரண்டாவது, என் முதலாவதுக்கு முன்னால் வந்துவிடக் கூடாது.