வராந்தாவில் நின்ற கைதட்டல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பற்களும் இன்றே உதிரட்டும். மெம்ஃபிஸ் நகரில், 1955 ஜூன் மாதம், பாடகன் ரூஃபஸ் டார்வருக்கு நடந்தது இது.

அந்த வருடம் ராக் அண்ட் ரோல் என்றால் தெருவெங்கும் ரூஃபஸின் பாட்டுதான். ஆனால் பாட்டைக் கட்டியவன் அவன் கூட்டாளி ஹோசியா. சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவார்களே, அந்தத் தாளத்தை அப்படியே பாட்டுக்குள் கொண்டுவந்தவனும் ஹோசியாதான். ஒலிப்பதிவு அறையில் இருந்தது ஒரே மைக். ஹோசியா தட்டினால் வேறெதுவும் கேட்காது. அதனால் அவனை வெளியே, வராந்தாவின் கோடியில் நிற்கவைத்தார்கள்.

பதிவு முடிந்ததும் கம்பெனிக்காரர், "ரெகார்டுல ஒரு பேரு போதும்பா. உன் பேரே இருக்கட்டும்" என்றார்.

ரூஃபஸ் தலையாட்டினான். ஹோசியா அப்போதும் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தான்.

ரெகார்டைப் பார்த்த அன்றே ஹோசியா ஊரைவிட்டுப் போனான். மே மாதம், ஆர்கன்சா பக்கம் ஒரு பஸ் ஆற்றில் விழுந்து அவன் செத்துப்போனதாக முடிவெட்டும் கடையில் பேச்சு. ரூஃபஸ் விசாரிக்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவான்?

ஜூன் 6, பிற்பகல் 2.10. வெர்டெல் அக்காவின் சாப்பாட்டுக் கடை. பாட்டுப் பெட்டியில் அவன் பாட்டு ஓடியது. ரூஃபஸின் கை பாதியில் நின்றது.

"உன் பாட்டை நீயே வாயைப் பொளந்து கேக்குறியா? கறி ஆறுது, தின்னு."

"அக்கா... கைதட்டல் கிட்டத்துல கேக்குதே."

"பேரு வந்ததும் காது பெருசாயிடுச்சோ?"

மறுநாள், 2.10. தட்டல் வராந்தாவில் இல்லை. ஒலிப்பதிவு அறைக்குள் வந்துவிட்டது. சட்... சட்...

மூன்றாம் நாள், பியானோவுக்குப் பக்கத்தில்.

நான்காம் நாள் எழுந்துபோய்ப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். பாட்டு நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

சட்...

பிடரியில் காற்று பட்டது.

சட்...

"பாட்டு உன்னுதுதான்டா, ஹோசியா!"

தட்டல் நின்றது.

வெர்டெல் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "என் கடைக்குள்ள கத்தி என்னடா பிரயோஜனம்? ஊருக்குச் சொல்லு."

அன்று மாலை 5.30க்கு ரேடியோவில் சொன்னான். கம்பெனியும் முனகிக்கொண்டே ஹோசியாவின் பெயரைப் போட்டது. பிறகு பாட்டில் தட்டல் வராந்தாவைவிட்டு நகரவேயில்லை. செத்தவன் மன்னித்துவிட்டான் என்று ரூஃபஸ் நிம்மதியாகத் தூங்கினான்.

ஆகஸ்டில் ஹோசியாவின் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. பஸ்ஸில் போனவன் வேறு யாரோ. ஜூன் முழுக்க ஹோசியா நாற்பது மைல் தள்ளி, காய்ச்சலில் படுத்திருந்தான், யார் கதவைத் தட்டினாலும் "ரூஃபஸா?" என்று கேட்டானாம்.

அவன் இறந்தது ஜூலை 19.